கோழிப்பண்ணையில் நானூற்றுப் பன்னிரண்டு தலைகள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. ஏதோ சீக்கு வந்து கோழிகள் எல்லாம் கூண்டோடு போன பிறகு, அரசாங்கம் அதை வாடகைக்கு எடுத்து இலங்கை அகதிகளைக் குடிவைத்தது. நிர்வாகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கோழிகளை வாரம் ஒருமுறை எண்ணினார்கள், அகதிகளை மாதம் ஒருமுறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததும் அதுவும் மாறிப்போயிற்று. குண்டுக்கும் கோழிப்பண்ணையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குக் கணக்கெடுப்பு என்று உத்தரவு வந்தது. ஒரு நாள் இல்லாவிட்டால் அரிசி கட். இரண்டாம் நாளும் இல்லாவிட்டால் பெயரே கட்.

இந்த உத்தரவைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டவள் அன்னபுஷ்பம். அவளும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவள்தான். நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளை 1974-இல் 'தாயகம் திரும்புகிறாய்' என்று சொல்லி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். தாயகத்தை அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகப் பார்த்தாள். தாயகமும் அவளை முதல்முறையாகப் பார்த்தது, அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு கல்குவாரி, சித்தாள் வேலை என்று அலைந்து, சேரப்பணஞ்சேரியில் ஒரு வூடு, ஒரகடத்தில் போல்ட் நட்டு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், ரெண்டாவது ஷிஃப்ட் என்று ஒருவழியாக நிலைத்துவிட்டாள். கையில் இந்தியக் குடியுரிமைப் பத்திரம். மனசில் மட்டும் அந்தக் கப்பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் 'அகதிகள் உரிமைச் சங்கம், சேரப்பணஞ்சேரி' என்று ஒன்றை ஆரம்பித்தாள். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவளே. தாம்பரத்தில் செய்த ரப்பர் முத்திரை ஒன்றுதான் சங்கத்தின் சொத்து.

சங்கம் இதுவரை நாற்பத்தொரு மனு கொடுத்திருந்தது. நாற்பத்தொன்றும் 'முத்திரை செல்லாது' என்று திரும்பி வந்தன. நாற்பத்திரண்டாவது மனு மதிவதனிக்காக.

மதிவதனிக்கு வயது பத்தொன்பது. மன்னார்ப் பக்கத்துப் பெண். முகாமில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஈரத்துணியோடு முதலில் ஓடுகிறவள். செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கொடுத்திருந்தது. வகுப்பு ஜூலை முதல் தேதி ஆரம்பம். முகாமில் வசிக்கிற அகதி என்ற சான்றிதழை ஜூலை முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அடுத்த வருஷம் இடம் கொடுப்பார்களா என்பது அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

முகாமுக்கு அரசாங்க பாஷையில் 'தங்கல்' என்று பெயர். தங்கல் அலுவலகத் தனி அதிகாரி கோதண்டராமன் மனுவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் படித்தார். அவர் வீட்டில் காபி கேட்பதைக்கூட அரசாணை மாதிரிதான் கேட்பார் என்று ஊரில் பேச்சு.

"சான்றிதழ் வழங்குவதில் அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். "முப்பது நாள் தொடர்ச்சியாகக் கணக்கெடுப்பில் ஆஜரானவருக்கு முப்பதாம் நாள் சான்றிதழ் உண்டு."

"கணக்கெடுப்பு காலைல பத்து மணிக்கு சார். அந்தப் பொண்ணு பத்து மணிக்கு செங்கல்பட்டு கிளாஸ்ல குந்தணுமே."

"குந்தட்டும். நாம் தடுக்கவில்லை. ஆனால் இங்கேயும் குந்த வேண்டும்."

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்டி சார் குந்தறது?"

"அது மனுதாரரின் சொந்த ஏற்பாடு. அதில் அலுவலகம் தலையிடாது. சுதந்திர நாடு அல்லவா?" என்று சிரித்தவர், சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார். "அதிருக்கட்டும். அகதிகளுக்காகப் பேச நீ யார்? நீ அகதியா?"

"முன்னாள் அகதி சார்."

கோதண்டராமன் மேஜை மேலிருந்த தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்தில் நின்ற எழுத்தர் யேசுராஜும் எட்டிப் பார்த்தார். அகதி இருந்தது. போலி அகதி இருந்தது. தப்பியோடிய அகதி இருந்தது. இறந்துபோன அகதிக்குக்கூட மூன்று பக்கம் இருந்தது.

"முன்னாள் அகதி என்று ஒரு இனமே கிடையாது" என்று புத்தகத்தை மூடினார். "இல்லாதவர் கொடுத்த மனு வராத மனுவாகக் கருதப்படும். இதோ பாரம்மா, உரிமை கொடுக்கத்தான் நாங்கள் இருபத்திரண்டு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டால் எங்கள் வேலை என்ன ஆவது?"

அன்னபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதே கோபத்தோடு மத்தியானம் ஷிஃப்டுக்குப் போனாள். பெட்டிக்கு நூறு போல்ட்டாகப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். பெட்டியைத் தராசில் வைத்தார், முள்ளைப் பார்த்தார், 'ஓகே' சீட்டை ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. எடை சரியாக இருந்தால் சரக்கு சரி. அன்னபுஷ்பத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முகாம் கணக்கெடுப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்டு, வரிசைக்குப் பத்துப் பேராகக் குந்தவைப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் அட்டையை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அட்டை எண் அதிகாரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அட்டையில் போட்டோ உண்டு. புளிய மரத்தடியில் எட்டெட்டுப் பேராக நிற்கவைத்து எடுத்து, வெட்டி ஒட்டியது. அதில் மதிவதனிக்குப் பாதி முகம்தான், மீதி பக்கத்து ஆளின் காது. கோதண்டராமனுக்கு இந்த முறையில் தனிப் பெருமை. "முகம் மாறும், அட்டை மாறாது" என்பார்.

ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை. மதிவதனி விடியலில் பஸ் ஏறிப்போனாள். ஏறுமுன் தன் அட்டையை அன்னபுஷ்பத்திடம் கொடுத்தாள்.

"அக்கா, பிடிபட்டால் உங்களைப் பொலிஸ் கொண்டுபோயிடும். எனக்காக நீங்கள் இப்பிடிச் செய்யவேணாம்."

"நீ போய் ஊசி போடக் கத்துக்கினு வா. மொத ஊசிய அந்தக் கோதண்டராமனுக்குப் போடு. எங்க போடணும்னு நான் சொல்றேன்."

பத்து மணிக்கு ஏழாவது வரிசையில் நாலாவது ஆளாக அன்னபுஷ்பம் குந்தினாள். மதிவதனியின் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தாள். கோதண்டராமன் பிரம்பை நீட்டிப் பத்து, இருபது, முப்பது என்று நடந்துபோனார். பின்னால் வந்த யேசுராஜ் அவள் அருகில் நின்றார். அட்டையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். நகக்கண் முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"இங்க போல்ட் கம்பெனி வாசனை வருதே" என்றார் மெதுவாக.

அன்னபுஷ்பம் விரல்களை அட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யேசுராஜுக்கும் கஷ்டம் உண்டு. கணக்கு ஒரு தலை குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், சாப்பாடு மூன்று மணிக்குப் போய்விடும். அவருக்கு அல்சர் வேறு. 'ஆஜர்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. சரியாக இருந்தது.

இந்த ரகசியம் முகாமில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தது. அவள் இடத்தில் முகாம் வாசலில் இட்லி விற்கிற கிளியம்மாள் குந்தினாள். செங்கல் சூளைக்காரருக்கு வேலைக்கு ஆள் இல்லாமல் திண்டாட்டம். பதினைந்து அகதிகளைச் சூளைக்கு அழைத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் மாமனார், மச்சான் என்று வீட்டிலே சும்மா இருந்த பதினைந்து உருப்படிகளை அனுப்பிவைத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். சேரப்பணஞ்சேரி ஜனம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஏரி வற்றிக் கிடந்தது, வயலில் வேலை இல்லை.

"எலெக்‌ஷன் முடிஞ்சப்புறம் எங்கள எவன் எண்ணினான்?" என்றார் ஆடு மேய்க்கிற மண்ணாங்கட்டி. "இங்க தெனமும் ஒரு ஆபீசர் வந்து எண்ணிட்டுப் போறாரு. மனசுக்கு எம்மாம் நல்லா கீது தெரியுமா?"

பதினெட்டாம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. சூளை வேலைக்குப் போகிற அகதி ஒருவர் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் தன் இடத்தில் தானே வந்து குந்திவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரும் பக்கத்தில் இடித்துக்கொண்டு குந்தியிருந்தார். கணக்கு நானூற்றுப் பதின்மூன்று வந்தது.

கோதண்டராமனின் முகம் வெளுத்தது. ஆள் குறைந்தால் ஓடிவிட்டான் என்று எழுதலாம், அதற்குப் படிவம் உண்டு. கூடினால் என்ன எழுதுவது? மூன்று முறை எண்ணியும் பதின்மூன்றுதான் வந்தது.

"ஒருவர் அதிகமாக இருக்கிறீர்கள்!" என்று கத்தினார். "அது யாராக இருந்தாலும் இந்த நிமிஷமே எழுந்து வெளியேற வேண்டும். இல்லையேல் கடும் நடவடிக்கை!"

உண்மையான அகதி எழுந்தார். அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டார். வாசல் போலீஸ்காரரே கதவைத் திறந்துவிட, நிதானமாக நடந்து சூளைக்குப் போனார். உள்ளே கணக்கு சரியாகிவிட்டது. கோதண்டராமன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். எல்லா வரிசையிலும் அட்டைகள் குலுங்கிக் குலுங்கி ஆடின.

ஒருநாள்கூட ஒருவர்கூடத் தவறாத முகாம் என்ற புகழ் மெட்ராஸ் வரை போய்விட்டது. முப்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மெட்ராஸ் மேலதிகாரி ஒருவர் மாலையும் போட்டோக்காரர்களும் எட்டு பஸ்ஸுமாக வந்து இறங்கினார். அன்றைக்கு வரிசையில் முகாம்காரர்கள் என்று பார்த்தால் நாற்பது பேர் இருப்பார்கள். நடக்க முடியாத பெரிசுகளும் கைக்குழந்தைகளும்தான். மீதி அத்தனையும் சேரப்பணஞ்சேரி. ஏழாவது வரிசை நாலாவது இடத்தில் அன்னபுஷ்பம். இன்றைக்கு மட்டும் தாண்டிவிட்டால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

மேலதிகாரி மைக்கைத் தட்டினார்.

"அன்புக்குரிய தங்கலர்களே! உங்கள் ஒழுக்கம் எங்களை நெகிழவைக்கிறது. இவ்வளவு நல்லவர்களை இங்கே வைத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, சொந்த ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் கை தூக்கலாம். இது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். எந்தக் கட்டாயமும் இல்லை. கை தூக்காதவர்களின் பெயரை மட்டும் போலீஸார் தனியாக எழுதிக்கொள்வார்கள்."

அன்னபுஷ்பம் எழப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் மண்ணாங்கட்டி முதல் வரிசையில் கை தூக்கிவிட்டார்.

"இப்பவே போறேன் சாமி. ஆட்ட கட்டிப்போட்டுட்டு வந்துகீறேன், பாவம் கத்திகினு கெடக்கும்."

"நானும்! அடுப்புல உல கொதிக்குது!" என்றாள் கிளியம்மாள். அவ்வளவுதான், முந்நூற்று எழுபது கைகள் மேலே போயின. அத்தனை பேர் தூக்குகிறார்களே என்று பெரிசுகளும் தூக்கினார்கள். போட்டோ பளிச் பளிச்சென்று எடுக்கப்பட்டது. நூற்றுக்கு நூறு விருப்பம்! மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெட்ராஸுக்குத் தந்தி அடிக்க ஆளை ஓடவிட்டார்.

யேசுராஜ் விருப்பப் படிவத்தோடு மண்ணாங்கட்டியின் முன்னால் வந்து நின்றார். "சொந்த ஊர்?"

"சேரப்பணஞ்சேரிங்க."

யேசுராஜ் பேனாவை நிறுத்தினார். மண்ணாங்கட்டியின் அட்டையைப் பார்த்தார், வரிசைகளைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பன்னிரண்டரை. சேரப்பணஞ்சேரி என்று எழுதினார். அதற்குக் கீழே நானூற்றுப் பதினோரு முறை 'மேற்படி', 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே போனார். கோதண்டராமன் எல்லாவற்றிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை.

"இப்போதே பஸ்ஸில் ஏற்றுங்கள், நேரே துறைமுகம்" என்றார் மேலதிகாரி. "விருப்பம் என்பது சூடாக இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். ஆறவிட்டால் யோசிப்பார்கள்."

துறைமுகம் என்ற சொல் காதில் விழுந்ததும் அன்னபுஷ்பத்துக்குப் பதினேழு வருஷம் பின்னால் போயிற்று. அந்தக் கப்பல். அந்த வாந்தி. 'தாயகம் போறீங்க, சிரிச்சுக்கிட்டே போங்க' என்ற அதிகாரி. மதிவதனியின் பெயர் பட்டியலில் ஏறியாகிவிட்டது. நாளைக்கு அவளைத் தேடி செங்கல்பட்டுக்கே போவார்கள். சான்றிதழ் போனாலும் போகட்டும், அந்தப் பிள்ளையைக் கப்பல் ஏற்றவிடக் கூடாது. அன்னபுஷ்பம் எழுந்து நின்று அட்டையை இறக்கினாள்.

"சார், நான் மதிவதனி இல்ல! அந்தப் பொண்ணு செங்கல்பட்டுல படிச்சுகினு கீது. இவங்க யாரும் அகதிங்க இல்ல. எல்லாம் தோ, நாலு மைலு தள்ளி படப்பை ரோட்டுல கீற சேரப்பணஞ்சேரி ஜனங்க!"

ஒவ்வொரு அட்டையாக இறங்கியது. முப்பது நாளில் முதல்முறையாக கோதண்டராமன் அவர்களின் முகங்களைப் பார்த்தார். தினமும் தனக்கு இட்லி கொடுக்கிற கிளியம்மாள் மூன்றாவது வரிசையிலிருந்து வணக்கம் வைத்தாள். அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மேலதிகாரி மனசுக்குள் கணக்குப் போட்டார். தந்தி போய்விட்டது. போட்டோ எடுத்தாகிவிட்டது. முப்பது நாள் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. இந்த அம்மாள் சொல்வது உண்மையானால் முப்பது பதிவேடும் பொய். பதிவேடு பொய்யாக முடியாது. ஆகவே இந்த அம்மாள் சொல்வது உண்மையாக முடியாது. அவர் முகம் தெளிந்தது.

"உட்காரம்மா, கணக்கு கெடுகிறது" என்றார் சாந்தமாக. பிறகு கோதண்டராமன் பக்கம் திரும்பினார். "சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய் விடுவது நமது கடமை. அது எந்த நாட்டில் இருக்கிறது என்பது வேறு துறை. துறைமுகம் வேண்டாம். டிரைவர், உமக்கு வழி தெரியுமா?"

"தெரியும் சார். என் மச்சினி வூடு அங்கதான் கீது."

இப்படியாக எட்டு அரசு பஸ்களில், மாலை மரியாதையோடு, போலீஸ் ஜீப் முன்னால் போக, சேரப்பணஞ்சேரி ஜனங்கள் சேரப்பணஞ்சேரிக்குத் தாயகம் திரும்பினார்கள். மண்ணாங்கட்டி ஜன்னல் ஓரத்தில் குந்திக்கொண்டு வழியெல்லாம் கை ஆட்டினார். முகாமிலிருந்து வந்த நாற்பது பேருக்கும் கிளியம்மாள் வீட்டில்தான் சாப்பாடு. சாயங்காலம் மாட்டு வண்டியில் பண்ணைக்கே திரும்பிப் போனார்கள்.

அன்னபுஷ்பத்தை மதிவதனியின் பெயரைக் கூப்பிட்டு இறக்கினார்கள். முதல் தடவை அவளைத் தாயகத்தில் இறக்கிவிட்டபோது கரையில் அவளைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்தத் தடவை பஸ் நிற்கும் முன்னாலேயே, "இன்னா அன்னபுஷ்பம், நீயும் வந்துட்டியா?" என்று தெருவே கத்தியது. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தாள்.

மறுநாள் காலை கோதண்டராமன் அவளை ஆள்விட்டு அழைத்தார். கோப்பு முடிந்துவிட்டதாம். போனவர்களுக்கு ஆறு மாதம் மறுவாழ்வு அரிசி உண்டாம், பழைய இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாமாம். போனவர்களை எண்ணுவதற்கு விதி இல்லையாம். முப்பது நாள் ஆஜரானதற்கு விதிப்படி சான்றிதழ் தயாராக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த மதிவதனி அதை வாங்கிப் படித்தாள்.

"'மேற்படி மதிவதனி என்பவர், தன் விருப்பத்தின் பேரில் சொந்த ஊராகிய சேரப்பணஞ்சேரி திரும்பிவிட்ட முன்னாள் அகதி என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' அக்கா, இதென்ன?"

"முன்னாள் அகதின்னு ஒரு எனமே இல்லன்னாரு அந்த ஆளு" என்றாள் அன்னபுஷ்பம். "இப்ப அவரு கையாலயே எழுதிக் குடுத்துட்டாரு பாரு."

"மிஷன் ஆக்கள் ஒத்துக்கொள்ளுவினமோ?"

"வட்ட சீல் கீது இல்ல? அது போதும். அவங்களும் ஆபீஸ் வச்சுகினு கீறவங்கதான்."

மதிவதனி வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர ஊர் இதில எங்கயும் இல்லை அக்கா" என்றாள்.

அன்னபுஷ்பம் கையை நீட்டி அதை வாங்கினாள். சான்றிதழைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். அது வெறுமையாக இருந்தது. மதிவதனி பையிலிருந்து பேனாவை எடுத்து, மடிமேல் வைத்து, தன் ஊரின் பெயரை, தெருவின் பெயரை, கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டின் அடையாளத்தை நிதானமாக எழுதினாள்.

எழுதி முடித்ததும் அன்னபுஷ்பம் சுருக்குப் பையை அவிழ்த்தாள். செல்லாது என்று நாற்பத்தொரு முறை திருப்பி அனுப்பப்பட்ட அந்த ரப்பர் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, அந்த எழுத்துக்குக் கீழே ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.